வாக்ஸிங் செய்து பத்தாம் நாளே முடி எட்டிப் பார்க்கிறதா?

டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 28. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வரும் மார்ச்சில் கல்யாணம். ஓராண்டாகப் பார்லரில் கை, கால், அக்குளுக்கு வாக்ஸிங் செய்துகொள்கிறார். "நான்கு வாரம் வழவழவென்று இருக்கும் என்றார்கள். எனக்குப் பத்தாம் நாளே முள் முள்ளாகக் குத்துகிறது" என்பதுதான் முதல் வருத்தம். பள்ளிக்குப் பாவாடை அணிந்து போவதால் இடையில் ரேசரால் சமாளிக்கிறார். கெண்டைக்காலில் சின்னச் சின்னக் கட்டிகள், அவை ஆறிய இடமெல்லாம் கரும்புள்ளி. புள்ளி மறையட்டும் என்று லேபிள் ஒழுங்காக இல்லாத ஒரு டப்பா கிரீமைச் சந்தைக் கடையில் வாங்கி இரண்டு மாதமாகத் தடவுகிறார். போன முறை வாக்ஸிங்கில் அதே இடத்தில் தோல் உரிந்து வந்துவிட்டது. பார்லரில் "உனக்கு சென்சிடிவ் ஸ்கின்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தாடையில் பத்துப் பதினைந்து தடித்த முடிகளும் இருக்கின்றன. அதையும் வாக்ஸ் போட்டே எடுக்கிறார். மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. மஞ்சளும் குப்பைமேனியும் குழைத்துப் பூசு என்கிறார் ஆயா. லேசருக்குப் போ என்கிறாள் தோழி. போதாததற்கு, "ஒரு வருடத்தில் முடி நிரந்தரமாக நின்றுவிடும்" என்ற பேச்சை நம்பி 12 முறைக்கு முன்பணம் கட்டியிருக்கிறார். நான்கு முடிந்திருக்கிறது, மீதி ஆறு மாதத்தில் காலாவதியாகுமாம்.

"அக்கா, நான் எதைத்தான் தப்பாகச் செய்கிறேன்?" என்று முடித்திருக்கிறார்.

அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். உங்கள் தோலிலோ, வாக்ஸின் விலையிலோ பெரிய கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ரேசர், அந்த டப்பா கிரீம், தாடை முடி என்று மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன. மூன்றாவதைப் பார்லர் தீர்த்துவைக்க முடியாது.

பத்தாம் நாள் முடி எங்கிருந்து வருகிறது?

உடம்பிலுள்ள முடியெல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில முடி வளர்ந்துகொண்டிருக்கும், சில வளர்ச்சி நின்று ஓய்வில் இருக்கும், சில அப்போதுதான் தோலுக்கு அடியில் முளைத்து வந்துகொண்டிருக்கும். வாக்ஸால் பிடிக்க முடிவது வெளியே தெரிவதை மட்டும்தான். அன்றைக்கு அடியில் இருந்தது அடுத்த வாரம் தலையை நீட்டும். அது பிடுங்கிய முடி இல்லை, பக்கத்து மயிர்க்காலிலிருந்து வரும் வேறு முடி. வேரோடு வந்த முடி மறுபடி உருவாகி வெளியே வரப் பல வாரம் ஆகும். அதனால் முதல் இரண்டு மூன்று தடவை பலருக்கும் முழு நான்கு வாரம் கிடைப்பதில்லை. விடாமல் ஒரே இடைவெளியில் செய்துவந்தால் பெரும்பாலான முடி ஏறக்குறைய ஒரே தவணைக்கு வரும். அப்போதுதான் நான்கிலிருந்து ஆறு வாரம் என்ற கணக்கெல்லாம் நடக்கும்.

நீங்கள் ஒரு வருடமாகச் செய்தும் அந்தத் தவணை கூடிவரவில்லை. காரணம் ரேசர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாக்ஸ் நன்றாகப் பிடிக்க முடி ஐந்து மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், ஓர் அரிசி நீளம். கால் முடி ஒரு நாளில் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. இரண்டாவது வாரக் கடைசியில் நீங்கள் ரேசர் போட்டால், நான்காவது வாரம் பார்லருக்குப் போகும்போது முடி மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. வாக்ஸ் அதை வழுக்கிவிடும், இல்லாவிட்டால் பாதியில் முறித்துவிடும். முறிந்த முடி சில நாளில் மேலே வரும். உடனே மறுபடி ரேசர். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வராமல் எந்த விலையுயர்ந்த வாக்ஸுக்கு மாறினாலும் பத்து நாள் பத்து நாளாகத்தான் இருக்கும்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்: ரேசர் போட்டால் முடி தடித்து, அடர்ந்து வளரும் என்பது உண்மையில்லை. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடவும்போது சொரசொரக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கு நான் ரேசரை வேண்டாம் என்பது தவணையைக் கலைக்கிறது என்பதற்காக மட்டுமே.

அடுத்த முறை பார்லரில் ஒரு காரியம் செய்யுங்கள். உரித்த ஸ்ட்ரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முடியின் ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறியதாக ஒரு குமிழ் தெரிந்தால் அது வேரோடு வந்தது. குமிழே இல்லாமல் வெறும் துண்டுகளாக ஒட்டியிருந்தால் முறிந்திருக்கிறது. பாதிக்குமேல் துண்டாக இருந்தால், முடி குட்டையாக இருந்தது அல்லது இழுத்த கை சரியில்லை என்று அர்த்தம்.

கை சரியாக இருக்கிறதா?

தேன், சாக்லேட், கற்றாழை என்று வாக்ஸுக்கு ஆயிரம் பெயர். நிறத்துக்கும் வாசனைக்கும் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வழவழப்பை ஒரு நாள்கூட நீட்டிக்காது. கை, காலுக்கு ஸ்ட்ரிப் வைத்து எடுக்கும் மென்மையான வாக்ஸ் போதும். அக்குளுக்குத் தானே இறுகி உரியும் கெட்டி வாக்ஸ் நல்லது, அது தோலைக் குறைவாகவே பற்றும். வாக்ஸில் உள்ள பிசின் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு முறையும் அரிப்போடு தடிக்கிறது என்றால் சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர் மட்டும் சேர்த்துக் காய்ச்சும் சர்க்கரைப் பாகு முறையைக் கேளுங்கள்.

கவனிக்க வேண்டியது கையைத்தான். முடி வளரும் திசையில் வாக்ஸைத் தடவி, இன்னொரு கையால் தோலை இறுக்கிப் பிடித்து, எதிர்த்திசையில் தோலை ஒட்டியே தாழ்வாக இழுக்க வேண்டும். கூரையைப் பார்த்து மேலே இழுத்தால் முடி முறியும், தோலும் கன்றிப்போகும். அக்குளில் முடி இரண்டு மூன்று திசையில் வளர்வதால் ஒரே இழுப்பில் முழுதையும் எடுக்க முயல்பவரிடம் போகாதீர்கள். தோலில் பட்ட குச்சியை மறுபடி வாக்ஸ் பாத்திரத்தில் முக்குகிறாரா என்றும் பாருங்கள். முக்கினால் எழுந்து வந்துவிடலாம். முந்தைய வாடிக்கையாளரின் தோலில் இருந்த கிருமி உங்களுக்கு வந்து சேர அது ஒன்றே போதும். ஐடெக், சிடெஸ்கோ மாதிரி சர்வதேச அழகுக்கலைச் சான்றிதழ் சுவரில் இருந்தால் நல்லதுதான். ஆனால் சான்றிதழ் மாட்டிவைத்துக்கொண்டு குச்சியை முக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த டப்பா கிரீம்

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த வரிதான். தோலை வெளுப்பாக்கும் கிரீம்களால் இந்த நாடு நிறையப் பட்டிருக்கிறது. ஹைட்ரோகுவினோன் என்ற வெளுப்பூட்டும் ரசாயனம் கலந்த கிரீமால் தோல் நீலம் பாய்ந்து கறுத்துப்போவதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1975-லேயே பதிவு செய்தார்கள். அழகுசாதனங்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்று 1990-இல் தடையும் வந்தது. தடை இருந்தும் கள்ளத்தனமாக வரும் டப்பாக்கள் சந்தையில் இன்னும் கிடைக்கின்றன. அவற்றில் ஹைட்ரோகுவினோன் இருக்கலாம், பாதரசம் இருக்கலாம், வீரியமான ஸ்டெராய்டு இருக்கலாம். ஸ்டெராய்டு தோலை மெலிய வைக்கும். மெலிந்த தோலில் சூடான வாக்ஸைப் போட்டு இழுத்தால் முடியோடு மேல்தோலும் வரும். சென்சிடிவ் ஸ்கின் என்ற விளக்கத்தைவிட இது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இன்னொன்றையும் கேளுங்கள்: ஸ்டெராய்டை ஓரிடத்தில் தொடர்ந்து தடவினால் அந்த இடத்தில் முடி கூடுதலாக வளர்வதும் உண்டு.

அதனால் காலில் தடவுவதை இன்றே நிறுத்துங்கள். முகத்திலும் தடவியிருந்தால் சட்டென்று நிறுத்தும்போது முகம் சிவந்து பொரிந்துவிடலாம், டாக்டரைப் பார்த்துக்கொண்டு நிறுத்துங்கள். உரிந்த இடம் முழுதாக ஆறி, தோல் பழைய நிலைக்கு வரும்வரை, குறைந்தது ஆறு வாரமாவது, அங்கே வாக்ஸ் வேண்டாம்.

முகப்பருவுக்கு அடாபலீன், டிரெட்டினாயின் தடவுகிறவர்கள் அந்த இடத்தில் வாக்ஸிங்குக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஐசோடிரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் அதை நிறுத்தி ஆறு மாதம் கழியும்வரை வாக்ஸ் பக்கமே போகக் கூடாது. பார்லரில் இதைக் கேட்கவே மாட்டார்கள், நீங்களாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் அப்படியே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

கரும்புள்ளி பற்றி: நம் நிறத்துத் தோலில் ஒரு சின்னப் புண் ஆறினாலே கறுப்பு விட்டுப்போகும். மங்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஆனால் மங்கும். வெயில் படும் காலுக்கு சன்ஸ்கிரீன் போடுங்கள். டர்பன் டிசம்பர் வெயிலில் இதை விட்டுவிட்டு வேறு எந்தக் கிரீம் போட்டும் பயனில்லை. உள்ளுக்குள் சுருண்டு வளரும் முடியை ஊசியால் கிண்டாதீர்கள். வாக்ஸிங் முடிந்து மூன்று நாள் கழித்து, வாரத்துக்கு இரண்டு முறை ஈரமான பீர்க்கங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்துவிட்டு, யூரியா அல்லது லாக்டிக் அமிலம் சேர்ந்த லோஷன் தடவினால் பெரும்பாலான முடி தானே வெளியே வந்துவிடும். சீழ் வைத்த கட்டி, பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் லோஷனோடு காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

மார்ச்சுக்குள் எத்தனை முறை?

இப்போது அக்டோபர். ரேசரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மூன்றரை, நான்கு வாரம் முடியை வளர விடுங்கள். பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும், பள்ளிக்குப் பேன்ட்டோ பஞ்சாபி உடையோ போட்டுக்கொண்டு போங்கள். நவம்பர் நடுவில் முதல் வாக்ஸிங், அதன்பின் நான்கு அல்லது ஐந்து வாரத்துக்கு ஒருமுறை. தோல் உரிந்த பகுதி ஆறவில்லை என்றால் அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களைச் செய்யலாம். இடையில் தைப்பூசக் காவடி வருகிறது. விரத நாட்களில் முடி எடுக்கக்கூடாது என்று வீட்டில் சொல்வார்கள் என்றால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த நாட்களில் ரேசருக்கும் விரதம். பால்குடம் எடுத்த கையோடு பார்லருக்கு ஓடாமல் இரண்டு நாள் விட்டுப் போங்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய கடைசி வாக்ஸிங்கை நலங்கு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முதல் நாள் வாக்ஸ் போட்டுவிட்டு மறுநாள் நலங்கில் உட்கார்ந்தால், வாசல் திறந்து கிடக்கும் மயிர்க்கால்களில் மஞ்சளும் எண்ணெயும் பத்துப் பேர் கையும் படும். மண்டபத்தில் பொரிப்பொரியாகக் கையை நீட்டி மருதாணி காட்ட வேண்டியிருக்கும். நலங்குக்கு நான்கு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

ஆயாவின் மஞ்சள் யோசனையை மறுக்க மனமில்லை. மஞ்சளோ குப்பைமேனியோ முடி வளர்வதை நிறுத்துகிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. ஆறிய தோலில் பூசிக் குளிப்பதால் பெரிய கெடுதலும் இல்லை. வாக்ஸ் போட்ட நான்கு நாளுக்குள் மட்டும் வேண்டாம்.

வாக்ஸிங் செய்த நாளிலிருந்து இரண்டு நாள் கடல், நீச்சல் குளம், சுடுநீர்க் குளியல், இறுக்கமான லெக்கிங்ஸ், அக்குளுக்கு டியோடரன்ட் எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையும் இறுக்கமான துணியும் சேர்ந்தாலே மயிர்க்கால் சீழ் பிடிக்கும். வலிக்குப் பயந்து மரத்துப்போகும் கிரீமைக் கால் முழுக்கப் பூசி பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு போகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. அவ்வளவு பெரிய பரப்பில் மருந்து இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

தாடை முடி

வாக்ஸ் போட்டதால் தாடை முடி தடிக்கவில்லை. பூனைமுடியாக இருந்ததைத் தடித்த முடியாக மாற்றுவது ஹார்மோன். 28 வயதில் தாடையில் தடித்த முடி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாதவிலக்கு, இந்த இரண்டும் சேர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 6 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன். பணம் கொடுத்துத் தனியார் மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்றில்லை, அரசு கிளினிக்கில் தொடங்கலாம்.

கல்யாணம் இதைக் குணப்படுத்தாது என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன்பே டாக்டரைப் பார்க்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இதற்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில கர்ப்பம் தரிக்கும்போது சாப்பிடக் கூடாதவை. சீக்கிரம் குழந்தை வேண்டும் என்று நினைக்கிறீர்களா, தள்ளிப்போடப் போகிறீர்களா என்பதைப் பொறுத்து சிகிச்சையே மாறும். முடியில் வித்தியாசம் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அதுவரை கத்தரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரெடிங் செய்யுங்கள், தாடைக்கு வாக்ஸ் வேண்டாம். சில மாதங்களுக்குள் முடி மளமளவென்று கூடினாலோ குரல் கனத்தாலோ அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.

லேசர்?

காலுக்கு என்றால் நல்ல வழிதான். நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பானது. பார்லரில் ஐபிஎல் ஒளிக்கருவியை வைத்துக்கொண்டு அதையே லேசர் என்பார்கள். நிறம் கூடிய தோலை அது சுட்டுவிடக்கூடும். ஆறு எட்டு முறை போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதத்துக்கும் மேல் இடைவெளி. மார்ச்சுக்குள் முடியாது. லேசர் எடுக்கும் காலத்தில் வாக்ஸ் போடக் கூடாது, வேர் உள்ளே இருந்தால்தான் ஒளி அதைச் சுடும். இடையில் ரேசர் போடலாம். ரேசரை விட முடியாதவர்களுக்கு ஏற்ற வழி உண்மையில் இதுதான்! கல்யாணம் முடிந்து நிதானமாகத் தொடங்குங்கள். தாடையில் மட்டும் ஹார்மோனைச் சரிபார்க்காமல் லேசர் வைக்காதீர்கள். சில பெண்களுக்கு முகத்தில் லேசர் வைத்தபின் முடி கூடிவிடுவதும் உண்டு. தாடையில் இருப்பது பத்துப் பதினைந்து முடிதான் என்பதால், மயிர்க்காலை ஒவ்வொன்றாக மின்சாரத்தால் அழிக்கும் எலக்ட்ரோலிசிஸ் பிற்பாடு உங்களுக்குப் பொருந்தும்.

கட்டிய பணம்

சட்டம் என் துறை இல்லை. ஆனாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008-இன் 68-ஆம் சட்டம்) பற்றி இந்த அளவுக்குச் சொல்லலாம். வாக்ஸிங் முடியை நிரந்தரமாக நிறுத்தாது. பல வருடம் செய்தால் சிலருக்கு முடி மெலியும், அவ்வளவே. அப்படியிருக்க "நிரந்தரம்" என்று சொல்லி விற்றது தவறான தகவல், அதை அந்தச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு தடுக்கிறது. தரமான சேவை கிடைக்காவிட்டால் குறையைச் சரிசெய்யவோ, பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவோ கேட்க 54-ஆம் பிரிவு இடம் தருகிறது. முன்பணம் கட்டிய வவுச்சர், கிரெடிட் போன்றவை 63-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுவரை செல்லும். உங்கள் 12 முறைத் திட்டம் அந்த வகையில் வருமானால் ஆறு மாதக் காலாவதி என்ற நிபந்தனை செல்லாது. ஏதாவது நடந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்ற தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், மிக மோசமான கவனக்குறைவுக்கு அந்தத் தாளைக் காட்டித் தப்ப முடியாது.

ஆனால் ஒரு நியாயமும் பேச வேண்டும். அந்தக் கிரீமைப் பற்றி நீங்கள் பார்லரில் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தோல் உரிந்ததற்கு முழுப் பழியையும் அவர்கள் மேல் போட்டு நஷ்டஈடு கேட்டால் இழுத்தடிக்கும். மீதி எட்டு முறைக்கான பணத்தை, அல்லது காலாவதி இல்லாமல் அவற்றைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் கேளுங்கள். வாய்ப் பேச்சாக வேண்டாம், ரசீதின் படத்தோடு மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் எழுதலாம், உங்களுக்குக் கட்டணம் கிடையாது. குச்சியை மறுபடி முக்கும் பார்லர் என்று உறுதியாகத் தெரிந்தால் மீதி முறைகளைக் கேட்காதீர்கள், பணத்தையே கேளுங்கள்.